ஆள் மாறிப் பேசும்போது வீட்டார் என்ன செய்வது?

(வானொலி மறையுரை. நற்செய்தி: மாற்கு 5:1-20. ஒலிபரப்பில் நேரம் போதாமல் விடுபட்ட பகுதிகள் இங்கே சேர்க்கப்பட்டுள்ளன.)



இன்றைய நற்செய்தியில் வரும் மனிதன் நம்மைப் போலவே ஏரிக்கரை ஊர்க்காரன். வீட்டை விட்டுக் கல்லறைகளுக்கு நடுவே வாழ்கிறான். ஊரார் விலங்கு போட்டார்கள், சங்கிலியால் கட்டினார்கள், எல்லாவற்றையும் உடைத்துவிட்டான். இரவு பகல் பாராமல் கத்துகிறான். கல்லை எடுத்துத் தன்னையே காயப்படுத்திக்கொள்கிறான். பெயரைக் கேட்டால், தான் ஒருவன் அல்ல, ஒரு கூட்டம் என்கிறான்.

பன்றிகள் ஏரியில் விழுந்த பகுதியைத்தான் மறைக்கல்விப் பிள்ளைகள் நினைவில் வைத்திருப்பார்கள். எனக்குக் கடைசிப் பகுதி முக்கியமாகப் படுகிறது. குணமானவன் ஆடை உடுத்தி, தெளிந்த புத்தியோடு உட்கார்ந்திருக்கிறான். இயேசு படகில் ஏறும்போது தானும் கூட வருவதாகக் கெஞ்சுகிறான். இயேசு சம்மதிக்கவில்லை. வீட்டுக்குப் போகச் சொல்கிறார், அவனுடைய சொந்தங்களிடம். கிரேக்க மூலத்தில் வீடு, சொந்தம் என்ற இரண்டு சொற்களும் அடுத்தடுத்து வருகின்றன.

அந்த வீட்டில் பிறகு என்ன நடந்தது என்று மாற்கு எழுதவில்லை. பல காலம் கல்லறையில் கிடந்தவன் ஒரு நாள் சாயங்காலம் வாசலில் வந்து நின்றால் வீட்டார் என்ன செய்திருப்பார்கள்? சோறு போட்டிருப்பார்கள். ஆனால் ராத்திரி யாராவது நிம்மதியாகத் தூங்கியிருப்பார்களா? இன்று நான் பேச விரும்புவது அந்த வீட்டைப் பற்றி.

பழவேற்காட்டுப் பக்கம் எந்தக் குப்பத்தில் பணியாற்றும் குருவுக்கும் இந்த அழைப்பு பழக்கமானது. "ஃபாதர், வீட்டுல ஒரு மாதிரியா இருக்கு, வந்து ஜெபம் பண்ணிட்டுப் போங்க." போனால் இப்படிச் சொல்வார்கள், எந்த ஒரு வீட்டையும் சுட்டாமல், பல வீடுகளில் கேட்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். மருமகள் நல்ல பெண். இறால் பொறுக்கப் போவாள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடப் படகில் ஏற்றிவிடுவாள். திடீரென்று குரல் மாறிவிடுகிறது. சின்னப் பிள்ளை மாதிரி மூலையில் ஒடுங்கி அழுகிறாள். இன்னொரு நாள் ஆம்பளை மாதிரி அதட்டுகிறாள். புருஷனைப் பார்த்து "நீ யாரு?" என்கிறாள். ஒரு மணி நேரம் கழித்துக் கேட்டால் எதுவும் நினைவில்லை. கடையில் கடன் வாங்கியிருக்கிறாள், வாங்கவே இல்லை என்று சத்தியம் செய்கிறாள். மாமியார் ஏரியில் செத்துப்போன யாரோ ஒருவரின் பெயரைச் சொல்கிறார். நாத்தனார் நடிப்பு என்கிறார். புருஷன் ஒன்றும் சொல்லாமல் வெளியே போய்க் குடித்துவிட்டு வருகிறார்.

பேய், நடிப்பு, பொய் என்ற மூன்று சொற்கள்தான் பெரும்பாலும் அந்த வீட்டில் புழங்கும். நான்காவதாக ஒரு சொல் உண்டு, அது நோய். அதை யாராவது முதலில் சொல்லியாக வேண்டும். அதனால்தான் நான் இன்று சொல்கிறேன்.

மருத்துவர்கள் இதை 'டிஸ்ஸோசியேட்டிவ் டிஸ்ஆர்டர்' என்ற குடும்பத்தில் சேர்க்கிறார்கள். தமிழில் விலகல் கோளாறு என்று எழுதுகிறார்கள். நினைவு, உணர்ச்சி, 'நான்' என்ற எண்ணம் ஆகியவை எல்லாருக்கும் ஒன்றாகக் கோத்திருக்கும். இவர்களுக்கு அவை தனித்தனியாக விலகிவிடுகின்றன. லேசான விலகல் நம் எல்லாருக்கும் உண்டு. ஜெபமாலை சொல்லிக்கொண்டே மனம் எங்கோ போய், எத்தனையாவது மணியில் இருக்கிறோம் என்று தெரியாமல் விழிக்கிறோமே, அந்த மாதிரி. அதற்கு மருத்துவர் வேண்டாம், கொஞ்சம் கவனம் போதும். ஆனால் சிலருக்கு மணிக்கணக்கில், நாள்கணக்கில் நினைவு அறுந்துபோகும். இன்னும் சிலருக்கு, ஒரே ஆளுக்குள் வெவ்வேறு குணமும் குரலும் வயதும் கொண்ட பல பகுதிகள் மாறி மாறி முன்னுக்கு வரும். ஒரு பகுதி செய்தது இன்னொரு பகுதிக்குத் தெரியாது. இந்தக் கடைசி வகையைத்தான் முன்பு 'மல்டிபிள் பெர்சனாலிட்டி' என்றார்கள். 1994இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் பெயரை மாற்றினார்கள். பல மனிதர்கள் ஓர் உடம்பில் இருப்பதில்லை, ஒரே மனிதருடைய அடையாளம் ஒன்றுசேராமல் போய்விட்டது என்பதைப் பெயர் சொல்ல வேண்டும் என்று கருதினார்கள்.

பழைய பெயரை நாம் சினிமாவில் கேட்டிருக்கிறோம். 2005ஆம் ஆண்டு ஏப்ரலில் 'சந்திரமுகி', ஜூனில் 'அந்நியன்'. இரண்டையும் திரும்பத் திரும்ப டிவியில் போட்டுவிட்டார்கள். படமாகக் குறை சொல்லவில்லை. ஆனால் இந்த நோய் உள்ளவர் கொலை செய்யத் துணிந்தவர் என்ற எண்ணம் ஊரில் அப்படித்தான் பரவியது. உண்மையில் இவர்கள் ஊரைக் காயப்படுத்துவதைவிடத் தங்களைக் காயப்படுத்திக்கொள்வதுதான் மிக அதிகம். கெரசேனர் பகுதி மனிதன் கல்லை எடுத்தது யார் மேல் என்று பாருங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேடு, இந்த நோய்க்கு வெளிநோயாளிகளாகச் சிகிச்சை பெறுபவர்களில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்டோர் தற்கொலைக்கு முயன்றவர்கள் என்கிறது. நடிப்பு என்று சொல்லும் நாத்தனார் இந்த எண்ணை ஒரு முறை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

ஏன் இப்படி ஆகிறது? நம் முகத்துவாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடலும் ஏரியும் ஒரே தண்ணீர்தான். மணல் சேர்ந்து வாய் அடைத்துக்கொண்டால் இந்தப் பக்கத்துத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் தெரியாது. சின்னக் குழந்தைக்குத் தாங்க முடியாத கொடுமை திரும்பத் திரும்ப நடக்கும்போது, ஓட முடியாது, எதிர்க்க முடியாது, சொன்னாலும் நம்ப ஆளில்லை என்ற நிலையில், மனம் நடுவே மணலைப் போட்டு அடைத்துக்கொள்கிறது. 'இது எனக்கு நடக்கவில்லை, வேறு யாருக்கோ நடக்கிறது' என்று குழந்தை தப்பிக்கிறது. அன்றைக்கு அது உயிரைக் காப்பாற்றிய வழி. வளர்ந்து கல்யாணம் ஆன பிறகும் அந்த அடைப்பு நீங்காமல் இருப்பதுதான் நோய். அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவில் இந்த நோய் உள்ளவர்களில் 90 விழுக்காட்டினர் சிறுவயதில் கொடுமைக்கோ புறக்கணிப்புக்கோ ஆளானவர்கள் என்று அதே கையேடு சொல்கிறது. 2004 சுனாமியில் பெரியவர்களுக்கு வந்த திகிலும் தூக்கமின்மையும் வேறு. அதுவும் நோய்தான், ஆனால் 'நான்' என்பது உருவான பிறகு வந்தது. இது, 'நான்' உருவாகும் முன்பே, பெரும்பாலும் வீட்டுக்குள்ளேயே நடந்ததால் வருவது.

அமெரிக்காவில் இப்படிப் பிரிந்த பகுதிகளுக்கு ஆட்பெயர்கள் இருக்கும். நம்மிடம் அது பேயாக, சாமியாக, ஏரியில் முழுகிச் செத்தவராக வரும். 1989இல் இந்தியாவின் நிலைமை பற்றி மருத்துவர் ஆதித்யாஞ்சி குழுவினர் ஓர் அமெரிக்க மருத்துவ இதழில் எழுதியபோது அவர்கள் காட்டியது மூன்றே மூன்று நோயாளிகளை. நம் நாட்டில் இந்த நோய் கிடையாது என்று அதற்குப் பொருளல்ல. வேறு உடை உடுத்தி வருகிறது. மானிடவியலாளர் கல்பனா ராம், கன்னியாகுமரி மாவட்டத்துக் கத்தோலிக்க மீனவர்களான முக்குவர்களிடையே ஆய்வு செய்து, பெண்கள் மேல் ஆவி இறங்குவதாகச் சொல்லப்படுவதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். ஞானஸ்நானம் பெற்று நான்கு நூற்றாண்டுகள் ஆன குடும்பங்கள் அவை. 2013இல் அமெரிக்கக் கையேடும், பிறகு 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலும் 'ஆவி பிடித்தது' போன்ற வடிவத்தைப் பெயர் சொல்லியே சேர்த்துக்கொண்டன. கூடவே ஓர் எச்சரிக்கையும் வைத்தன. ஒரு சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டில், குறித்த நேரத்தில் சாமி வந்து ஆடி, பிறகு இயல்பாக வேலைக்குப் போகிறவரை நோயாளி என்று எழுதக் கூடாது. விரும்பாமல் வருவது, வேதனை தருவது, வேலையையும் குடும்பத்தையும் கெடுப்பது என்றால்தான் நோய். நம் அண்டை வீட்டு இந்துச் சகோதரர்களின் திருவிழாவைக் கேலி செய்ய இந்த மறையுரையை யாரும் பயன்படுத்த வேண்டாம்.

"அப்போ பிசாசே இல்லைன்னு சொல்றீங்களா ஃபாதர்?" என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. திருச்சபை என்ன சொல்கிறது என்பதைச் சொல்கிறேன். 1614இல் வந்த உரோமைச் சடங்கு நூலே, ஒருவரைப் பிசாசு பிடித்திருப்பதாக எளிதில் நம்பிவிடக் கூடாது என்றுதான் குருக்களுக்கு முதல் விதியாக வைத்தது. மின்விளக்கு வருவதற்கு இரண்டரை நூற்றாண்டுக்கு முன்பு! 1999இல் வெளியான திருத்திய சடங்கும் அதையே வலியுறுத்துகிறது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 1673ஆம் எண்ணில், மனநோய் முற்றிலும் வேறு, அதற்குச் சிகிச்சை தருவது மருத்துவத்தின் பொறுப்பு என்று பிரித்துச் சொல்கிறது. திருச்சபைச் சட்டம் 1172இன்படி, ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் பேயோட்டும் சடங்கு நடத்தக் கூடாது. அப்படியிருக்க, வாடகைக்குக் கூடம் எடுத்து, மைக் வைத்து, ஒரு பெண்ணின் தலைமுடியைப் பிடித்து உலுக்கி "போ, வெளியே போ" என்று கத்துகிறவர்கள் யாருடைய அதிகாரத்தில் செய்கிறார்கள்? இப்படிச் சத்தமும் மிரட்டலும் கூட்டமும் சேர்ந்தால், விலகல் நோய் உள்ளவர் இன்னும் அதிகமாக மாறிப் பேசுவார். பார்ப்பவர்கள் "பாருங்க, பிசாசு பேசுது" என்பார்கள். சிறுவயதில் ஒரு பெரிய ஆள் பிடித்து அழுத்திக் கத்தியதால் வந்த நோய்க்கு, இன்னொரு பெரிய ஆள் பிடித்து அழுத்திக் கத்துவது மருந்தாகுமா?

ஆயரின் அனுமதி இருந்தும் தவறிப்போன ஒரு வழக்கு உண்டு. ஜெர்மனியில் கிளிங்கன்பெர்க் என்ற சிற்றூர். பக்தியான கத்தோலிக்கக் குடும்பம். மகள் அன்னலீஸ் மிக்கேலுக்கு வலிப்பு நோய் என்று மருத்துவர்கள் மருந்து கொடுத்துவந்தார்கள். 1975இல் வூர்ஸ்பர்க் ஆயர் அனுமதி கொடுக்க, இரண்டு குருக்கள் பத்து மாதங்களில் 67 முறை பேயோட்டும் சடங்கு நடத்தினார்கள். மருத்துவம் நின்றுபோனது, அவள் சாப்பிடுவதையும் நிறுத்தினாள். 1976 ஜூலை 1ஆம் தேதி பட்டினியால் இறந்தபோது வயது 23, எடை 30 கிலோ அளவு. 1978இல் நீதிமன்றம் பெற்றோரையும் இரண்டு குருக்களையும் கவனக்குறைவால் உயிரிழப்பு ஏற்படுத்திய குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அந்தப் பெற்றோர் மகளை வெறுத்தவர்கள் அல்ல. அதுதான் கேட்க வேதனையாக இருக்கிறது.

நம் மாநிலத்திலும் ஒரு தேதி இருக்கிறது: 2001 ஆகஸ்ட் 6. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவுக்குக் குணம் தேடி வந்தவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் விடியற்காலை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். சங்கிலி போட்டது எதிரிகள் அல்ல. அங்கே கொண்டுவந்து விட்டது சொந்தக் குடும்பம்தான். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, மனநோயாளியை எந்த விதத்திலும் சங்கிலியிட்டுக் கட்டுவதைத் தடை செய்கிறது. உவரிக்கும் புளியம்பட்டிக்கும் அந்தோணியாரிடம் நேர்ச்சை வைத்துப் போவதை நான் தடுக்கவில்லை. போங்கள், மாத்திரையையும் எடுத்துக்கொண்டு போங்கள். கட்டிவைத்து விட்டுவிட்டு வராதீர்கள்.

வழிபாட்டுத் தலத்தில் தங்குவதால் பயனே இல்லை என்று நான் நினைக்கவில்லை. 2002இல் மருத்துவர் ரகுராம் குழுவினர், நம் மாநிலத்தில் முத்துச்சாமி கோயில் ஒன்றில் வந்து தங்கிய 31 மனநோயாளிகளைப் பற்றி 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' இதழில் எழுதினார்கள். அவர்களுடைய நோய் பெரும்பாலும் வேறு வகை. சில வாரங்கள் தங்கிய பிறகு நோயின் கடுமை சுமார் 20 விழுக்காடு குறைந்திருந்தது. அங்கே அடி இல்லை, புகை போடுவது இல்லை, பேயோட்டும் சடங்கும் இல்லை. கூடவே ஒரு உறவினர் தங்குவார், கோயிலில் சின்னச் சின்ன வேலை செய்வார்கள், யாரும் மிரட்டமாட்டார்கள். இதைத்தானே ஒரு வீடும் செய்ய முடியும்?

சொல்லாமல் விடக் கூடாத இன்னொரு பழைய வழக்கு, பாரிஸ் நகரத்தில் சால்பெத்ரியேர் மருத்துவமனையில் நடந்தது. 1890 வாக்கில் 33 வயது வியாபாரி ஒருவரைப் பிசாசு பிடித்ததாகக் கொண்டுவந்தார்கள். பியர் ஜானே என்ற மருத்துவர் அவருக்கு அக்கில் என்று மாற்றுப்பெயர் வைத்து எழுதியிருக்கிறார். வாயில் பிசாசு பேசும், கடவுளைத் திட்டும். ஜானே பிசாசோடு சண்டை போடவில்லை. பொறுமையாகப் பேச்சுக் கொடுத்தார். வியாபாரத்துக்காக வெளியூர் போன இடத்தில் அக்கில் மனைவிக்குத் துரோகம் செய்திருந்தார் என்பது தெரியவந்தது. ஊர் திரும்பியதிலிருந்து மனைவி முகத்தைப் பார்த்துப் பேச முடியாமல் ஊமையாகி, அந்தக் குற்ற உணர்வே கடைசியில் பிசாசின் குரலில் வந்தது. மனைவி மன்னிப்பதாக அவர் மனதில் காட்சியாகக் காணும்படி ஜானே செய்தார். அவர் தேறினார், சில வருடம் கழித்தும் நன்றாகவே இருந்தார். ஒப்புரவு அருட்சாதனத்தில் உட்காருகிற எனக்கு இந்த வழக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். ஆனால் ஒன்றை மாற்றிப் புரிந்துகொள்ளாதீர்கள். அக்கில் தவறு செய்தவர். சிறுவயதில் கொடுமைக்கு ஆளானவர் எந்தத் தவறும் செய்யாதவர். அவரிடம் போய் "பாவசங்கீர்த்தனம் பண்ணு, சரியாயிடும்" என்று சொல்வது காயத்தின் மேல் உப்பைத் தேய்ப்பது.

சரி, வீட்டில் என்ன செய்வது? ஆள் மாறிப் பேசும் நேரத்தில் கூட்டம் கூட விடாதீர்கள். வாசலை அடைத்து, ஒருவர் அல்லது இருவர் மட்டும் இருங்கள். தொடுவதற்கு முன் கேளுங்கள். பின்னால் இருந்து பிடிக்கவே பிடிக்காதீர்கள். மெதுவான குரலில் எங்கே இருக்கிறோம், இன்று என்ன கிழமை, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள். "இது பசியாவரம், உன் வீடு. இன்னைக்குச் செவ்வாக்கிழமை. நான் உன் அண்ணி. இங்க உன்னை யாரும் அடிக்க மாட்டாங்க." கையில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றலாம், காலைத் தரையில் நன்றாக ஊன்றச் சொல்லலாம், கையில் வலையையோ ஜெபமாலையையோ கொடுத்து அதன் முடிச்சையோ மணியையோ தடவச் சொல்லலாம். பழைய பயங்கரத்துக்குள் போன மனம், இன்றைக்கு, இந்த இடத்துக்குத் திரும்பி வர இவை கைப்பிடி. சின்னப் பிள்ளை மாதிரி அழுதால் சின்னப் பிள்ளையிடம் பேசுவதுபோல் ஆறுதல் சொல்லுங்கள், சிரிக்காதீர்கள். செல்போனில் படம் எடுப்பவன் கையில் இருந்து போனை வாங்கி வையுங்கள்.

வேடிக்கைக்காக "அந்த ஆளை வரச் சொல்லு" என்று கூப்பிடாதீர்கள். "நீ நல்லவ, அவ கெட்டவ" என்று பிரித்துப் பேசாதீர்கள்; அதட்டிப் பேசுகிற அந்தப் பகுதிதான் பல சமயம் சின்ன வயதில் அவரைக் காப்பாற்ற நின்ற காவலாளி. எல்லாரையும் சேர்த்து ஒரே ஆளாக நடத்துங்கள். கடன் வாங்கியது நினைவில்லை என்றால் பொய் என்று சண்டை வேண்டாம், கடனைத் தள்ளுபடி செய்யவும் வேண்டாம். "யார் வாங்கியிருந்தாலும் கை உன் கைதான், சேர்ந்து கட்டிடலாம்" என்பதே சரியான பேச்சு. வீட்டில் ஒரு நோட்டும் காலண்டரும் வைத்து, யார் எங்கே போனார்கள், எவ்வளவு பணம், எந்த மாத்திரை என்று எழுதிவாருங்கள். நினைவு அறுந்து திரும்புகிறவருக்கு அந்த நோட்டுதான் துணை.

எதனால் தூண்டப்படுகிறது என்று கவனியுங்கள். சாராய வாடை, கதவு படாரென்று அறைவது, ஒரு குறிப்பிட்ட உறவுக்காரர் வீட்டுக்கு வருவது, புயல் காற்று. சில வாரம் பார்த்தால் தெரிந்துவிடும். புயலை நிறுத்த முடியாது. குடியை நிறுத்த முடியும். புருஷன்மாரே, நீங்கள் வெளியே போய்க் குடித்துவிட்டு வருவது உங்கள் துக்கத்துக்கு மருந்து என்று நினைக்கிறீர்கள். உங்கள் மனைவிக்கு அந்த வாடை எதை ஞாபகப்படுத்துகிறது என்று யோசித்துப் பாருங்கள். உங்களுக்கும் ஓய்வு வேண்டும், அதை மறுக்கவில்லை. உங்கள் அக்காவோ மாமியாரோ வாரத்தில் ஒரு நாள் வந்து வீட்டைப் பார்த்துக்கொள்ளட்டும். நீங்கள் பாட்டுக்குக் கடலுக்குப் போய் வாருங்கள்.

பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். "அம்மாவுக்கு மனசுல ஒரு காயம், சில நேரம் வேற மாதிரி பேசுவாங்க, அது உன்னால இல்ல, அப்போ பக்கத்து வீட்டு அத்தைகிட்ட போய் இரு" என்றால் ஏழு வயதுப் பிள்ளைக்குப் புரியும். ஒன்றும் சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை தன்னால்தான் என்று முடிவு கட்டிக்கொள்ளும்.

பழைய நினைவுகளை வீட்டில் உட்கார்ந்து கிளறாதீர்கள். "யாரு உன்னை என்ன பண்ணான் சொல்லு" என்று குடைவதும், ஊர்ப் பஞ்சாயத்தில் நிறுத்திக் கேட்பதும் வேண்டாம். முகத்துவாரத்து மணலை ஒரே நாளில் வெட்டிவிட்டால் கரை வீடு தாங்காது. மேலை நாடுகளில் 1980, 90களில் சிலர் அவசரப்பட்டுத் தோண்டியதில் நடக்காததும் நினைவாக முளைத்துக் குடும்பங்கள் நீதிமன்றம் ஏறின. அவராகச் சொன்னால் குறுக்கிடாமல் கேளுங்கள், நம்புங்கள். கொடுமை செய்தவர் உறவுக்காரர் என்று தெரிந்தால், கல்யாண வீட்டில் ஒரே பந்தியில் உட்காரச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். "மன்னிச்சுடு, நாம கிறிஸ்தவங்க" என்பதை நீங்கள் சொல்ல வேண்டாம். மன்னிப்பு காயம்பட்டவர் தன் நேரத்தில் எடுக்கும் முடிவு. குடும்ப மானத்துக்காக மற்றவர்கள் அதை அவசரப்படுத்தக் கூடாது. இன்று ஒரு குழந்தைக்கு அப்படி ஏதாவது நடப்பதாகத் தெரிந்தால் ஊர் மானம் பார்க்காமல் 1098ஐக் கூப்பிடுங்கள். 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தெரிந்தவர் தெரிவிப்பது கடமை.

என்னிடம் வருகிற சில கேள்விகளுக்கும் இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். நினைவே இல்லாமல் செய்ததற்கு ஒப்புரவு செய்ய வேண்டுமா? சாவான பாவத்துக்கு முழு அறிவும் முழுச் சம்மதமும் வேண்டும் என்பது சின்னக் குறிப்பிடத்திலேயே படித்தது. தெரியாததற்குக் குற்றவாளி ஆக முடியாது. ஆனால் உடைந்த பானைக்கு ஈடு செய்வது நல்லது. அது வேறு கணக்கு. உள்ளே இருக்கும் அந்த இன்னொருவருக்கும் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டுமா? வேண்டாம். ஆன்மா ஒன்று, ஞானஸ்நானம் ஒன்று. தொட்டியில் தண்ணீர் ஊற்றியபோது அந்தக் குழந்தையின் எல்லாப் பகுதியும் அங்கேதான் இருந்தது. நோயில்பூசுதல் கேட்டால் தருவேன், வீட்டுக்கு வந்து மெதுவாக ஜெபிப்பேன். கத்த மாட்டேன்.

மருத்துவரிடம் போவது பற்றிக் கடைசியாக. இதில் முதல் வேலை, வலிப்பு நோயா வேறு மூளைக் கோளாறா என்று பார்த்து விலக்குவது. அதை வீட்டில் நாம் கண்டுபிடிக்க முடியாது. படகேறிப் பழவேற்காட்டுக்கு வந்து, பொன்னேரி அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவர் வரும் நாளைக் கேளுங்கள். மாவட்ட மனநலத் திட்டத்தில் இந்த ஏற்பாடு உண்டு. சென்னை என்றால் ஸ்டான்லி மருத்துவமனை, அல்லது 1794இலிருந்து மனநோயாளிகளைப் பார்த்துவரும் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. போகும்போது அந்த நோட்டை எடுத்துப் போங்கள். இந்த நோய்க்கென்று தனி மாத்திரை கிடையாது. தூக்கத்துக்கும் சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருந்து தருவார்கள். முக்கியச் சிகிச்சை பேச்சுதான்: முதலில் உயிருக்குப் பாதுகாப்பும் அன்றாட ஒழுங்கும், அது நிலைத்த பிறகே பழைய நினைவுகள், அதன் பிறகு பகுதிகள் ஒன்றையொன்று அறிந்து சேர்ந்து வாழ்வது. வருடக்கணக்கில் ஆகும். இரண்டு முறை போய்விட்டு "ஒண்ணும் ஆகல" என்று நிறுத்திவிடாதீர்கள். சாகப் போகிறேன் என்று சொன்னாலோ, கையைக் கீறிக்கொண்டாலோ, மிரட்டல் என்று எண்ணாதீர்கள். மாத்திரை அட்டை, கத்தி, மண்ணெண்ணெய் எல்லாவற்றையும் எடுத்து மறைத்துவிட்டு, ராத்திரி தனியாக ஏரிப் பக்கம் போகவிடாமல் கூடவே இருங்கள். 14416 என்ற எண்ணில் அரசின் டெலி-மானஸ் சேவை இரவு பகல் எந்த நேரமும் தமிழில் பேசும், 104ஐயும் கூப்பிடலாம்.

பங்குமக்களிடம் ஒரு வேண்டுகோள். ஞாயிறு திருப்பலியில் இப்படிப்பட்டவர்கள் வருவார்கள். கூட்டம், சாம்பிராணி, மணிச்சத்தம் சிலரால் தாங்க முடியாது. நடுவில் எழுந்து வெளியே போவார்கள், சிலர் அழுவார்கள். கதவுப் பக்கம் கடைசி பெஞ்சில் ஓர் ஓரத்தை இனி அவர்களுக்காகக் காலியாக விடச் சொல்லியிருக்கிறேன். யாராவது எழுந்து போனால் வீட்டார் ஒருவர் மட்டும் பின்னால் போகட்டும். மற்றவர்கள் திரும்பிப் பார்க்க வேண்டாம். பாடகர் குழு பாட்டை நிறுத்த வேண்டாம். நற்கருணை முடியும் வரை அவர் திரும்பாவிட்டால், நானே வாசலுக்கு எடுத்துக்கொண்டு வருகிறேன்.